சின்ன விமானத்தில் வெளியூர் கிளம்பும் முன்: எரிபொருள் கணக்கு, சோதனை, காகிதங்கள்

பிபிஎல், அதாவது தனியார் விமானி உரிமம், கையில் வந்ததும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் வரும் முதல் ஆசை, சொந்த ஊருக்கு மேலே ஒருமுறை பறக்க வேண்டும் என்பதுதான். எனக்கும் அதே ஆசைதான். நான் கடலூர். பயிற்சி எல்லாம் வெளியூரில் முடித்துவிட்டு, வாடகைக்கு எடுத்த செஸ்னா 172எஸ் என்ற நாலு இருக்கை விமானம் ஒன்றைப் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் வைத்து அங்கிருந்து திருச்சி போய்வர ஏற்பாடு செய்தபோதுதான் ஒன்று தெரிந்தது. பயிற்சிக் காலத்தில் எரிபொருள் ஏற்பாடு, காகிதம், அனுமதி எண் எல்லாவற்றையும் வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள், நாம் போய் உட்கார்ந்து ஓட்டுவோம். தனியாகக் கிளம்பும்போது அது அத்தனையும் நம் தலையில் விழும். எதை யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. நான் அலைந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். எண்கள் எல்லாம் 172எஸ் மாடலுக்கானவை. உங்கள் விமானத்தின் கையேட்டில், அதாவது பிஓஎச்சில், என்ன போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம்.

1. இரண்டு நாள் முன்பே போன் போடுங்கள்

முதல் வேலை வானிலை இல்லை, எரிபொருள். நம் விமானத்தின் பிஸ்டன் என்ஜினுக்கு வேண்டியது ஏவிகாஸ் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல். பெரிய விமானங்கள் போடுவது மண்ணெண்ணெய் வகையான ஜெட் ஏ-1. ஏர்போர்ட் என்றாலே பெட்ரோல் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், ஜெட் ஏ-1 ஆறாக ஓடுகிற பெரிய நிலையத்தில்கூட ஏவிகாஸ் ஒரு சொட்டு கிடைக்காமல் போகலாம். இந்தியன் ஆயில் 2022இல் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் உள்நாட்டிலேயே ஏவிகாஸ் தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் நீங்கள் இறங்கும் ஊரில் அன்றைக்கு இருப்பு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

போனில் இதையெல்லாம் கேளுங்கள்: இருப்பு எத்தனை லிட்டர், பவுசரா (எரிபொருள் லாரி) பேரலா, வரி சேர்த்து லிட்டர் என்ன விலை, குறைந்தபட்சம் இத்தனை லிட்டர் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, முன்பணம் கட்ட வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவாரா. கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விடாதீர்கள். எனக்கு ஓரிடத்தில் ‘இருக்கு சார், வாங்க’ என்று பதில் வந்தது, இறங்கிப் பார்த்தால் பேரல் இருந்தது, பம்பு சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை. அன்றைக்குத் திரும்புவதற்கும் சேர்த்தே எரிபொருள் எடுத்துப் போயிருந்ததால் வீடு வந்து சேர்ந்தேன்.

அதே போன் வேளையில் விமான நிலையத்தின் பணி நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரி மாதிரி சின்ன நிலையங்களில் கண்ட்ரோல் டவர் நாள் முழுக்க இயங்காது. விமானம் நிறுத்தும் இடமும் குறைவு, பயணிகள் ஏடிஆர் விமானம் வந்து நிற்கும் நேரத்தில் உங்களுக்கு இடம் இல்லாமல் போகலாம். நிறுத்த அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

2. செலவை முதலிலேயே எழுதிப் பாருங்கள்

வாடகை விமானம் என்றால் பேசிய வாடகை ‘வெட்’டா ‘டிரை’யா என்று கேளுங்கள். வெட் என்றால் எரிபொருளும் அதில் அடக்கம், டிரை என்றால் எரிபொருள் உங்கள் பாடு. வெட் வாடகையில் எடுத்துக்கொண்டு போய் வெளியூரில் நீங்கள் காசு கொடுத்து நிரப்பினால், உரிமையாளர் எந்த விலைக்குத் திருப்பித் தருவார் என்று முன்பே பேசிவிட வேண்டும். அவர் ஊர் விலைக்குத்தான் தருவேன் என்றால் வித்தியாசம் உங்கள் பையிலிருந்து போகும். நேரத்தை எந்த மீட்டரில் கணக்கிடுகிறார்கள் என்பதும் முக்கியம். ஹாப்ஸ் மீட்டர் என்ஜின் ஓடும் நேரம் முழுக்க ஓடும். டாக்கோ நேரமோ என்ஜின் சுழலும் வேகத்தை, அதாவது ஆர்பிஎம்மைப் பொறுத்தது, தரையில் உருளும்போது மெதுவாக ஏறும்.

இதற்கு மேல் தரையிறங்கும் கட்டணம், நிறுத்தக் கட்டணம், வழிசெலுத்தல் கட்டணம். ஏவிகாஸ் விலையைப் பெட்ரோல் பங்க் விலையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுவிடாதீர்கள், ரொம்பவே கூடுதலாக இருக்கும்.

3. காகிதங்கள்: தேதியைப் பாருங்கள்

உங்களுடையவை: பைலட் உரிமம், மருத்துவச் சான்று, ரேடியோ இயக்க உரிமம், அரசு அடையாள அட்டை, உங்கள் லாக் புக். விமானத்துடையவை: பதிவுச் சான்று, பறக்கத் தகுதிச் சான்று, அதை அவ்வப்போது உறுதிப்படுத்தும் ஏஆர்சி, ரேடியோ நிலைய உரிமம், காப்பீடு, ஜர்னி லாக் புக் (பயணப் பதிவேடு), டெக் லாக் (குறை, பராமரிப்புப் பதிவேடு), பிஓஎச், எடை அட்டவணை.

எல்லாம் ஃபைலில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றும் எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். ஏஆர்சியும் காப்பீடும்தான் சத்தமில்லாமல் காலாவதியாகும். டெக் லாக்கில் இரண்டு விஷயம்: போன முறை ஓட்டியவர் எழுதிய குறை ஏதாவது சரிசெய்யப்படாமல் நிற்கிறதா, அடுத்த 50 மணி அல்லது 100 மணி சோதனைக்கு இன்னும் எத்தனை மணி பாக்கி. போக ஒரு மணி, வர ஒரு மணி, பாக்கி ஒன்றரை மணி என்றால் போய்விட்டு அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

மது விஷயத்தில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதி, குடித்து 12 மணி நேரம் ஆகாமல் பறக்கக் கூடாது என்பது. மூச்சுச் சோதனைக்கு ஆல்கஹால் கலந்த இருமல் டானிக், மவுத் வாஷ் இரண்டும் எதிரி. காலையில் பறப்பு என்றால் முந்தின நாளே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

4. எரிபொருள் கணக்கை நிமிடத்தில் போடுங்கள்

இதில் கொஞ்சம் நிற்கப் போகிறேன். அவசரமாகப் படிக்கிறவர்கள் மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

முதல் பொறி அலகு. பிஓஎச் அமெரிக்க கேலனில் பேசும், பில் லிட்டரில் வரும், எடைத் தாளில் கிலோ கேட்பார்கள். ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். ஒரு லிட்டர் ஏவிகாஸ் சுமார் 0.72 கிலோ. இந்த இரண்டையும் முழங்காலில் கட்டும் பலகையிலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

இரண்டாவது பொறி, டேங்க் கொள்ளளவும் பயன்படும் அளவும் ஒன்றில்லை. 172எஸ்ஸில் மொத்தம் 56 கேலன், பயன்படுவது 53, அதாவது சுமார் 200 லிட்டர். மிச்சம் இருக்கும், ஆனால் என்ஜினுக்கு வராது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது ஒரு நிஜக் கணக்கு. புதுச்சேரியிலிருந்து திருச்சி நேர்கோட்டில் சுமார் 97 நாட்டிகல் மைல் (இனி மைல் என்றால் இதுதான்). ஆடி மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும், நாம் தென்மேற்கே போகிறோம், எதிர்க்காற்று 20 நாட், அதாவது மணிக்கு 20 நாட்டிகல் மைல். விமான வேகம் 110 நாட் என்றால் தரைவேகம் 90. பயணம் 65 நிமிடம். என்ஜின் மணிக்கு 36 லிட்டர் குடிக்கும் என்று திட்டமிட்டால் நிமிடத்துக்கு 0.6 லிட்டர். இந்த 0.6 தான் நாள் முழுக்கக் கூட வரப்போகிற எண்.

ஸ்டார்ட், தரை ஓட்டம், டேக்ஆஃப்: 5 லிட்டர்
மேலேறும்போது கூடுதலாக: 4 லிட்டர்
பயணம் 65 நிமிடம்: 39 லிட்டர்
எதிர்பாராததற்குப் பயணத்தில் பத்து சதவீதம்: 4 லிட்டர்
திருச்சியில் இறங்க முடியாவிட்டால் மதுரை, 67 மைல், 45 நிமிடம்: 27 லிட்டர்
கடைசிக் கையிருப்பு: 36 லிட்டர்

மொத்தம் 115 லிட்டர். கடைசி வரியில் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறேன். சர்வதேச விமான அமைப்பான ஐகாவோவின் விதிப்படி பகல் விஎஃப்ஆருக்கு, அதாவது கண்ணால் பார்த்துப் பறப்பதற்கு, 30 நிமிடம், இரவுக்கு 45 நிமிடம் போதும். ஆனால் புதிதாகப் பறப்பவர் 30 நிமிடத்தோடு கிளம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த அரைமணி, கையேட்டில் இருக்கிற புத்தம்புது என்ஜினை, மிக்ஸ்சரை (எரிபொருள், காற்றுக் கலவை) எரிபொருள் குறைத்துக் கச்சிதமாக ஒல்லியாக்கி, திட்டமிட்ட உயரத்திலேயே ஓட்டினால் மட்டும் அரைமணி. வாடகை விமானம் இருபது வருடம் ஓடிய விமானமாக இருக்கலாம், நீங்களும் மிக்ஸ்சரைத் தொடப் பயந்து எரிபொருள் கூடிய ரிச்சிலேயே ஓட்டலாம். அப்போது அது இருபது நிமிடமாகச் சுருங்கிவிடும்.

சரி, திருச்சியில் ஏவிகாஸ் கிடைப்பது உறுதியில்லை என்றால்? திரும்பி வருவதையும் இங்கேயே ஏற்றிக்கொள்ள வேண்டும். வரும்போது பின்காற்று, தரைவேகம் 125 என்றால் 47 நிமிடம், 28 லிட்டர். ஸ்டார்ட்டும் ஏற்றமும் மறுபடி 9, பத்து சதவீதம் 3, ஆக 40. புதுச்சேரிக்கு மாற்று சென்னை. நேர்கோட்டில் 65 மைல்தான், ஆனால் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றித் தடைசெய்யப்பட்ட வான்பகுதி, தாம்பரத்தில் விமானப்படைத் தளம் எல்லாம் இருப்பதால் நேர்கோட்டை நம்பாமல் 75 மைல் போடுங்கள். 26 லிட்டர் வரும். மதுரைக்கு வைத்த 27 இதற்கும் போதும். ஆக போய்வர 52, 40, 27, 36 சேர்ந்து 155 லிட்டர்.

இன்னொன்று: மார்கழி, தை காலைகளில் சென்னையை மாற்றாகப் போடும்போது மூடுபனியைப் பாருங்கள். போகி அன்று அதிகாலை புகையும் சேர்ந்துகொள்ளும், அன்றைக்கு வேறு ஊரைப் போடுவது நல்லது.

5. டேங்கை நிரப்பினால் ஆளை இறக்க வேண்டும்

155 லிட்டர் என்றால் 112 கிலோ. 172எஸ்ஸின் அதிகபட்ச டேக்ஆஃப் எடை 1157 கிலோ. காலி எடை ஒவ்வொரு விமானத்துக்கும் வேறு, உதாரணத்துக்கு 770 கிலோ என்று வைத்தால் மிச்சம் 387. எரிபொருளைக் கழித்தால் ஆட்களுக்கும் பைகளுக்கும் 275 கிலோ. எழுபது கிலோ ஆட்கள் நாலு பேர் ஏறினாலே 280 ஆகிவிட்டது, பை எடுப்பதற்கு முன்பே.

நாலு இருக்கை இருக்கிறது, நாலு பேர் போகலாம் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். எடையை உத்தேசமாகக் கேட்காமல் எல்லாரையும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள், மாமா சொல்லும் எடை அவர் கல்யாணத்து எடையாக இருக்கும். எடை கூடினால் இறக்க வேண்டியது ஆளைத்தான், எரிபொருளை இல்லை. அல்லது வழியில் நிரப்பும் இடம் உறுதியாகியிருக்க வேண்டும். எடைக்குப் பிறகு சிஜி (ஈர்ப்பு மையம்) வரைபடத்திலும் புள்ளி உள்ளே விழுகிறதா என்று பாருங்கள், கிளம்பும்போது ஒருமுறை, எரிபொருள் தீர்ந்த நிலைக்கு ஒருமுறை.

வெயில் காலத்துக்குத் தனியாக ஒரு வரி. 40 டிகிரி வெயிலில் கடல் மட்டத்து ஓடுபாதைகூட 3000 அடி உயரத்து ஓடுபாதை போல நடந்துகொள்ளும். புதுச்சேரி ஓடுபாதை சுமார் 1500 மீட்டர், ஒரு 172க்குத் தாராளம். ஆனால் அதே எடையோடு உள்ளூர்ச் சின்ன ஓடுதளம் ஒன்றில் இறங்கித் திரும்ப ஏறப் போகிறீர்கள் என்றால் பிஓஎச் அட்டவணையைத் திறக்காமல் கிளம்பாதீர்கள்.

6. வானிலை, நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு), ஃப்ளைட் பிளான்

முந்தின இரவே கணக்கைப் போட்டு வைத்துவிட்டு, காலையில் புதிய மெட்டார் (இப்போதைய வானிலை), டாஃப் (வானிலை முன்னறிவிப்பு), மேல்காற்று எடுத்து 65 நிமிடம் இன்னும் 65 நிமிடமாகத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கரையில் கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று புகுந்து காற்றின் திசையையே மாற்றிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்தாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியைப் போட்டுப் புரட்டியதை நாம் எல்லாரும் பார்த்தோம்.

ஃப்ளைட் பிளானைக் கிளம்பும் நேரத்துக்குக் குறைந்தது 60 நிமிடம் முன்பு கொடுக்க வேண்டும். நேரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில். காலை 6.30 என்றால் 0100. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுவதா கழிப்பதா என்று தூக்கக் கலக்கத்தில் குழம்பும் இடம் இது, கழிக்க வேண்டும். பத்தொன்பதாம் கட்டத்தில் எரிபொருள் எத்தனை மணி நிமிடம் தாங்கும் என்று எழுத வேண்டும். அங்கே போன பிளானிலிருந்து பார்த்து எழுதாதீர்கள். நீங்கள் எங்காவது இறங்கிக் காணாமல் போனால் தேடுகிறவர்கள் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

எஃப்ஐசி (பறப்புத் தகவல் மையம்) தரும் எண், வான் பாதுகாப்பு அனுமதி எண் இரண்டும் கையில் வராமல் என்ஜினைத் தொடாதீர்கள். தாமதமானால் பிளானைத் திருத்த வேண்டும், அதற்காகக் காத்திருக்கும் நேரத்தையும் அந்திப் பொழுதையும் சேர்த்துப் பாருங்கள். விஎஃப்ஆர் வெளியூர்ப் பயணம் பகல் வேலை. மார்கழியில் இங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும்.

7. குச்சியை விட்டுப் பாருங்கள்

விமானத்துப் பெட்ரோல் முள்ளை நம்பி யாரும் கிளம்பக் கூடாது. ஏணி போட்டு இறக்கை மேல் ஏறி, மூடியைத் திறந்து, அளவுக்குச்சியை நேராக விட்டு எடுங்கள். அந்த விமானத்துக்கென்று அளவு குறித்த குச்சியாக இருக்க வேண்டும், பக்கத்து விமானத்துக் குச்சி பக்கத்து விமானத்துக்குத்தான். எடுத்த உடனே படியுங்கள், எங்கள் ஊர் வெயிலில் ஏவிகாஸ் குச்சியிலிருந்து சில நொடியில் ஆவியாகி நனைந்த கோடே மறைந்துவிடும். இடது, வலது இரண்டையும் எழுதிக் கூட்டுங்கள். குச்சி நனையவே இல்லை என்றால் அந்த டேங்கில் எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குச்சி சொன்னதும் நீங்கள் தாளில் போட்டதும் பில்லில் வந்த லிட்டரும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். நேற்று மாலை 60 இருந்தது, 95 ஊற்றியதாக பில், குச்சியில் 140 என்றால் 15 லிட்டர் எங்கே என்று கேட்டு விடை கிடைக்கும்வரை கிளம்பாதீர்கள். விமானம் சாய்வான தரையில் நிற்பதாக இருக்கும், ‘போத்’தில், அதாவது இரண்டு டேங்கும் திறந்தபடி, விட்ட செலக்டர் (டேங்கைத் தேர்ந்தெடுக்கும் பிடி) வழியாக ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு வடிந்து வென்ட் என்ற காற்றுத் துளை வழியே வெளியே போயிருக்கும், அல்லது அவர்கள் ஊற்றியதே குறைவாக இருக்கும். நிரப்பும்போதும் நிறுத்தி வைக்கும்போதும் செலக்டரை ஒரு பக்கம் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நிரப்பும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். போனில் பேசாதீர்கள், டீ குடிக்கப் போகாதீர்கள். பவுசரில் எழுதியிருக்கும் கிரேடைப் படியுங்கள். எர்த் கம்பி மாட்டிய பிறகுதான் மூடி திறக்க வேண்டும். பேரல் என்றால் சீல் உடையாமல் இருக்கிறதா, லேபிளில் கிரேடும் தேதியும் என்ன என்று பாருங்கள். மழையில் நின்ற பேரலின் தலைப்பில் தேங்கிய தண்ணீர் அடைப்பு வழியாக மெல்ல உள்ளே போகும், அதனால் வடிகட்டி இல்லாத புனலை ஏற்காதீர்கள்.

மூடியைப் போடும்போது அதன் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். மூடி சரியாக உட்காராவிட்டால் பறக்கும்போது இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் எரிபொருளை உறிஞ்சி வெளியே இறைத்துவிடும்.

8. கோப்பையில் பிடித்துப் பாருங்கள்

அன்றைய முதல் பறப்புக்கு முன்பும், ஒவ்வொரு முறை நிரப்பிய பிறகும், வடிகால் வழியாகக் கொஞ்சம் எரிபொருளைக் கோப்பையில் பிடித்துத் தண்ணீரோ அழுக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். 172எஸ்ஸில் வடிகால் 13 இடத்தில்: இறக்கைக்கு ஐந்து ஐந்தாகப் பத்து, வயிற்றுக்குக் கீழே மூன்று. பதின்மூன்றையும் பாருங்கள். குனிந்து வயிற்றுக்குக் கீழே போகச் சோம்பல்பட்டு இறக்கையோடு நிறுத்துகிறவர்கள் உண்டு, தண்ணீர் போய்ச் சேருவதே தாழ்வான இடத்துக்குத்தானே. நிரப்பிய உடனே பிடித்தால் தண்ணீர் இன்னும் கலங்கியபடி இருக்கும். கால் மணியாவது விடுங்கள், அந்த நேரத்தில் மற்ற சோதனையைச் செய்யலாம்.

கோப்பையை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஏவிகாஸ் வெளிர் நீலம். தண்ணீர் இருந்தால் அடியில் குண்டுமணி போல உருண்டு நிற்கும், கோப்பையை ஆட்டினால் அதுவும் உருளும். துரு, மண் இருந்தாலும் தெரியும். இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி பிடியுங்கள், சுத்தமாக வரும்வரை. இறக்கையை லேசாக ஆட்டிவிட்டு இன்னொருமுறையும் பிடியுங்கள். திரும்பத் திரும்பத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் அன்றைக்குப் பயணம் இல்லை, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இதில் ஒரு பெரிய பொறி: கோப்பை முழுக்கத் தண்ணீராக இருந்தால் உருண்டை எதுவும் தெரியாது, தெளிவாக, அழகாக இருக்கும். அதனால் நிறத்தையும் வாசனையையும் சேர்த்துப் பாருங்கள். நீலம் இல்லையென்றால் நில்லுங்கள். ஜெட் ஏ-1 கலந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள், ஏவிகாஸ் காய்ந்து போகும், மண்ணெண்ணெய் வகை எண்ணெய்க் கறையை விட்டுவிடும். பிடித்த மாதிரியைத் தரையில் ஊற்றாதீர்கள், அதற்கென்று வைத்திருக்கும் கேனில் ஊற்றுங்கள்.

9. சுற்றி வாருங்கள்

செக்லிஸ்ட் கையில் இருக்க வேண்டும், மனப்பாடம் போதாது. சாவி வெளியே, மிக்ஸ்சர் அடைப்பில். அப்படியிருந்தும் புரொபல்லரை எப்போது வேண்டுமானாலும் சுழலக்கூடியது என்றே நினைத்து நெருங்குங்கள்.

வரிசை பிஓஎச்சில் இருக்கிறது, திருப்பி எழுதவில்லை. எங்கள் கரைக்கே உரிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன். குளவி. இரண்டு நாள் நிறுத்தி வைத்தாலே போதும், வேகம் அளக்க உதவும் பிடோட் குழாயிலும் இடது இறக்கைக்குக் கீழே இருக்கும் எரிபொருள் வென்ட்டிலும் மண் கூடு கட்டிவிடும். பிடோட் அடைத்தால் வேகமானி பொய் சொல்லும். வென்ட் அடைத்தால் டேங்குக்குள் காற்று போகாது, எரிபொருள் இருந்தும் என்ஜினுக்கு வராமல் போகலாம். பிடோட் உறையைப் போட மறக்காதீர்கள், கழற்றவும் மறக்காதீர்கள். கம்பியை உள்ளே விட்டுக் குடையாதீர்கள், அது மெக்கானிக் வேலை. அடுத்து மைனா. என்ஜின் மூடிக்குள்ளே வைக்கோலும் குச்சியும் கொண்டுவந்து வைக்கும். டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பாருங்கள், வெளியே ஒரு புல் நீட்டிக்கொண்டிருந்தாலும் உள்ளே கூடு இருக்கலாம். மூன்றாவது உப்புக்காற்று. கீல்கள், கேபிள், திருகுகளில் வெள்ளைப் பொடி, துரு தெரிகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

ஆயில் 172எஸ்ஸில் அதிகபட்சம் 8 குவார்ட், 5க்குக் கீழே பறக்கக் கூடாது. டயர், பிரேக் குழாயில் ஈரம், புரொபல்லர் விளிம்பில் வெட்டு, கன்ட்ரோல் லாக், கட்டிய கயிறு, சக்கரக் கட்டை எல்லாம் பாருங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்தால் விட்ட இடத்தை ஞாபகப்படுத்திப் பார்க்காதீர்கள், முதலிலிருந்து ஆரம்பியுங்கள். வழியனுப்ப வந்த சொந்தக்காரர்களை இந்த நேரத்தில் பக்கத்தில் விடாமல் இருப்பது உத்தமம்.

டேக்ஆஃபுக்கு முன் என்ஜினை ஓட்டிச் சோதிக்கும் ரன்-அப்பில் 1800 ஆர்பிஎம். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ ஒவ்வொன்றிலும் ஆர்பிஎம் இறக்கம் 150க்கு மேல் போகக் கூடாது, இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 50க்கு மேல் கூடாது. கார்புரேட்டர் உள்ள 152 போன்ற விமானம் என்றால் கார்ப் ஹீட்டையும் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் பிடி) இழுத்துப் பாருங்கள், வெப்பமான ஊரில் ஐஸ் எப்படி வரும் என்று கேட்காதீர்கள், ஈரப்பதம் கூடிய நம் காற்றில்தான் அது வரும்.

10. மேலே போன பிறகும் கணக்கு முடியவில்லை

திருச்சி வழியில் நெய்வேலிச் சுரங்கமும் புகைபோக்கிகளும் சுமார் 28 மைலில் வரும், அரியலூர் 67இல். தரைவேகம் 90 என்றால் நெய்வேலி 19ஆம் நிமிடம், அரியலூர் 45ஆம் நிமிடம். அரியலூருக்கு 52 ஆகிறது என்றால் உங்கள் தரைவேகம் 77தான், 65 நிமிடப் பயணம் 75 நிமிடத்தைத் தாண்டிவிடும், கூடுதலாக 6 லிட்டர். பத்து சதவீதம் என்று வைத்த 4 லிட்டர் போதவில்லை பாருங்கள். அங்கேயே பேனாவை எடுத்துக் கணக்கைத் திருத்துங்கள். அரைமணிக்கொரு முறை நேரம், டேங்க், மிச்சம் மூன்றையும் எழுதுங்கள். திரும்புவதா வேண்டாமா என்ற முடிவுக்கான எண்ணைத் தரையிலேயே குறித்து வையுங்கள், மேலே போய் யோசித்தால் மனசு ஊர் போய்ச் சேரத்தான் சொல்லும்.

ஒரு குறிப்பிட்ட நிலையத்தில் இறங்கியே ஆக வேண்டும், இனி சுற்ற வைத்தால் கடைசிக் கையிருப்பில் கை வைக்க வேண்டிவரும் என்ற நிலை வந்தால் கண்ட்ரோலிடம் ‘மினிமம் ஃப்யூயல்’ என்று சொல்லுங்கள். அது முன்னுரிமை தராது, உங்கள் நிலையை அவர்களுக்குத் தெரிவிக்கும். கையிருப்பிலேயே இறங்கப் போகிறீர்கள் என்று தெரிந்துவிட்டால் ‘மேடே மேடே மேடே ஃப்யூயல்’. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம், தயங்கவும் வேண்டாம்.

11. இறங்கிய பிறகு பத்து நிமிடம்

என்ஜின் நின்றதும் செலக்டரை ஒரு பக்கம் வையுங்கள், கட்டுங்கள், பிடோட் உறையைப் போடுங்கள். ஏணியில் ஏறி மறுபடி குச்சியை விடுங்கள். 65 நிமிடத்துக்கு 48 லிட்டர் என்று போட்டது எத்தனை ஆனது? அந்த விமானம் உங்கள் கையில் மணிக்கு 36 குடிக்கிறதா 40 குடிக்கிறதா என்பது இப்படித்தான் தெரியும். நாலைந்து பயணத்துக்கு எழுதி வந்தால் உங்களுக்கென்று ஒரு எண் கிடைக்கும், அடுத்த கணக்கில் 0.6க்குப் பதில் அதைப் போடுங்கள். ஜர்னி லாக்கை அங்கேயே நிரப்பிவிடுங்கள், சின்னக் குறையாக இருந்தாலும் டெக் லாக்கில் எழுதுங்கள். எரிபொருள் பில்லைப் படம் எடுத்து உரிமையாளருக்கு அன்றைக்கே அனுப்புங்கள், அசல் உங்களிடம் இருக்கட்டும்.